பதினேழாவது கை

1

காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிடலாம் என்ற யோசனை எனக்குத்தான் தோன்றியது. வேறு யாருக்கும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு தைரியம் வராது.

தோன்றிய நேரம்கூட நினைவிருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் சேர்மனம்மாவின் அறை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அறையில் நிற்க இடமிருக்காது. செருப்பு விடும் இடத்திலேயே சண்டை நடக்கும். அன்றைக்கு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான். அவர் கமிஷனருக்கு நான்கு முறை போன் செய்தார். நான்கு முறையும் முழுதாக அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை செய்யவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் மேசையிலிருந்த கவுன்சிலர் பட்டியலை இழுத்து விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

மொத்தம் இருபத்தைந்து பேர். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி அவர் இறங்க வேண்டுமானால் பதினேழு கை உயர வேண்டும். மேலே ஆட்சி மாறிய நாளிலிருந்து ஒவ்வொருவராக நழுவி, எதிர்ப்பக்கம் பதினாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் அவரையும் சேர்த்து ஒன்பது. கணக்குப்படி நாற்காலி தப்பித்தது. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ‘பதினேழு இருக்கிறது’ என்று.

அவர் பட்டியலை மூன்று முறை எண்ணினார். ஒன்பது பெயரை எண்ண ஒரு முறை போதாதா? மூன்றாவது முறை தன் பெயரிலேயே விரலை நிறுத்தியபோதுதான், இந்த அம்மா தேறமாட்டாரோ என்ற பயம் எனக்கு முதன்முதலாக வந்தது. பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. எட்டு பேரையும் காணிப்பாக்கத்துக்கு அழைத்துப்போகலாம், குளத்தில் முழுகவைத்து வரசித்தி விநாயகர் முன்னால் சத்தியம் செய்யவைக்கலாம், பதினேழாவது ஆள் நம்மில் யாராவது இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வார் என்று தெலுங்கில் மடமடவென்று கொட்டினேன்.

அவர் பட்டியலிலிருந்து விரலை எடுத்தார். எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு இந்த மாதிரி எல்லாம் தோன்றுமா என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

2

இந்த வாரத்தோடு நான் ஆந்திரா வந்து ஐந்து வருடம். குடியாத்தத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு என்ன பெரிய புலம்பெயர்வு என்று நீங்கள் சிரிப்பீர்கள். கல்யாணமாகிச் சித்தூர் தாண்டி வந்தபோது நானும் சிரித்தேன். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், காரணம் போகப்போகப் புரியும். என் கணவர் நகரிப் பக்கத்துத் தமிழர். திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை வேலை, தினமும் பேருந்தில் போய்வருகிறார்.

சிரிப்பு நின்ற இடம் தாசில்தார் அலுவலகம். என் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. இங்கே புதிதாக வாங்க, அங்கிருந்து ஒரு கடிதம் வேண்டும். அங்கே போனால், நீதான் இங்கே இல்லையே, உனக்கெதற்குக் கடிதம் என்றார்கள். ரேஷன் கார்டில் பெயர் ஏற இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் நான் எந்த மாநிலத்திலும் அரிசி வாங்காத ஆள். வீட்டில் என் மகள் தேஜு, நான்கு வயது, அவள் அப்பாவை நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடம் சேர்ந்த மாதமே தெலுங்கில் நான்னா என்று மாற்றிவிட்டாள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத்தான் ஏதோ கைநழுவிப் போன மாதிரி இருக்கிறது. ஊரில் என் அம்மாவோ, போனில் நான் ‘ம்’ கொட்டாமல் ‘அவுனு’ என்கிறேன் என்று திட்டுகிறார்.

எனக்கு வேலை கொடுத்தது சேர்மனம்மா. எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் மூன்று வார்டுகள் உண்டு. அவர்கள் மனுக்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவார்கள். அலுவலகத்தில் படிக்க ஆளில்லாமல் அவை மூட்டையாகக் கிடந்தன. ஒரு தண்ணீர்க் குழாய் மனுவோடு நான் போயிருந்தேன். அந்த மூட்டையைக் காட்டி, படிக்க வருமா என்று கேட்டார். வரும் என்றேன். உள்ளூர்ச் சான்றிதழ் இல்லை என்று அலுவலகம் மறித்தபோது, இவள் இல்லாவிட்டால் அந்த மனுக்களை நீ படிப்பாயா என்று மேலாளரிடம் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்த வேலைதான். அவர் இறங்கினால் மறுநாளே நானும் இறங்குவேன்.

அவர் உத்தமி என்று சொல்லவரவில்லை. தெருவிளக்கு ஒப்பந்தம் அவர் அக்கா மகனுக்குப் போனது. அந்தக் கோப்பைக் கணினியில் அடித்தது நான்தான். ஆனால் மூட்டையாகக் கிடந்த அந்த மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் போனது. அதையும் அடித்தது நான்தான்.

3

காணிப்பாக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று நீருக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையார். நாமெல்லாம் தேங்காய் உடைத்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது வேறு. பங்காளிச் சண்டை, களவுப் புகார், கணவன் மனைவி சந்தேகம், எதுவானாலும் ‘காணிப்பாக்கத்துக்கு வருகிறாயா?’ என்ற ஒரு கேள்வியில் பேச்சு நின்றுவிடும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது. அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் அங்கே கூப்பிடுவார்கள். பெரும்பாலும் யாரும் போகமாட்டார்கள். போவதற்குப் பயம்.

நாங்கள் போனோம்.

சத்தியத்தின் வாசகத்தையும் நான்தான் எழுதினேன். ‘சேர்மனுக்கு எதிராகக் கை தூக்கமாட்டேன்’ என்ற ஒரு வரி போதாதென்று தோன்றியது. அழுத்தமாக இருக்கட்டும் என்று ‘என் பிள்ளைகள் மேல் ஆணை’ என்று சேர்த்தேன். எட்டாவது வகுப்புப் பேச்சுப்போட்டிக்கு எழுதுகிற அதே உற்சாகம். எட்டு பேரில் ஒருவரான கஸ்தூரி அக்காவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அவர் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தமிழ் வார்டுகளில் ஒன்றின் கவுன்சிலர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் இவரை நிறுத்தினார்கள். வார்டைப் பார்த்துக்கொள்வது அவர் கணவர், பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரகர். அக்காவுக்காகத் தெலுங்கு வாசகத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மன்றத்தில் அவர் பேசவேண்டியதையெல்லாம் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

அன்று காலை முதலில் முழுகியது சேர்மனம்மா. யாரும் கேட்கவில்லை, அவரே இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக முழுகினார்கள். கஸ்தூரி அக்காவின் முறை வந்தபோது பிள்ளைகள் என்ற சொல்லில் வாசிப்பு ஒரு முறை நின்றது. குளத்துக் குளிர் என்று நினைத்தேன். வாசித்து முடித்தார். சேர்மனம்மா தன் தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து அவர் மேல் போர்த்தி, மகளுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டார். எட்டு முடிந்துவிட்டது என்று சொல்லும்போது அக்காவின் பற்கள் தந்தியடித்தன.

எட்டு பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள். யாரும் மாட்டவில்லை. ஆனாலும் மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு. பதினேழு இருக்கிறது.

4

அடுத்தது கேம்ப். உங்கள் பக்கத்திலும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஓட்டெடுப்பு வரைக்கும் ஆட்களை எதிரி கையில் சிக்காமல் வேறெங்காவது கொண்டுபோய் வைப்பது. இடம் ஏலகிரி என்று முடிவானது. தமிழ்நாடு என்பதால் நானும் வரவேண்டும், ஐந்து பெண் கவுன்சிலர்கள் இருப்பதால் கட்டாயம் வரவேண்டும். சேர்மனம்மா ஊரிலேயே தங்கிவிட்டார், கேம்புக்குப் பொறுப்பு அவர் தம்பி ரவி. வண்டி ஏறும்போதே ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை நீட்டினார். எல்லோர் போனும் அதற்குள் போனது. என்னுடையதும்தான். நான் நம் பக்கத்து ஆள் இல்லையா என்று கேட்டேன். இப்போது பக்கம் என்று எதுவும் இல்லை என்றார்.

பேருந்து குடியாத்தத்துக்குள் வந்தது. பாலம், அதைத் தாண்டி மருந்துக்கடை, அதற்கு அடுத்த சந்தில் நடந்தால் என் அம்மா வீடு. இறங்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். ஓட்டுநர் மஸ்தான் பாய் வேகத்தைக் குறைத்தார். ரவி வேண்டாமென்று தலையாட்டினார். பின்னாலிருந்த பெண்கள் கடைப் பலகைகளைக் காட்டி அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் சொந்த ஊரை ஆந்திராக்காரர்களுக்குத் தெலுங்கில் வாசித்துக் காட்டிக்கொண்டு, அம்மா வீட்டைத் தாண்டிப் போனேன்.

வாணியம்பாடியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். பதினோரு டீக்கு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில் தெலுங்கில் ‘எந்த?’ என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் தெலுங்கிலேயே பதில் சொல்லி, ஏலகிரிக்குப் போகும் வழியையும் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் திருத்தவில்லை.

ஏலகிரி ஏரிக்குப் புங்கனூர் ஏரி என்று பெயர். சித்தூர்ப் பக்கத்திலும் ஒரு புங்கனூர் உண்டு. பலகையைப் படித்துச் சொன்னதும் வண்டியே சிரித்தது. சுற்றிச் சுற்றி நம் ஊருக்கே வந்துவிட்டோமா என்றார் ஒருவர். முதல் நாள் சிரிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில்கூட யாரும் யார் பக்கத்திலும் நிம்மதியாக உட்காரவில்லை. ஒருவர் குளியலறையில் சற்று அதிகநேரம் இருந்தால் மற்றவர்கள் கதவைப் பார்ப்பார்கள். பதினேழாவது ஆள் இந்த எட்டில் ஒருவர் என்பது எட்டு பேருக்கும் தெரியும்.

நேற்று மஸ்தான் பாயின் போனிலிருந்து வீட்டுக்குப் பேச ரவி ஒரு நிமிடம் கொடுத்தார். தேஜு எடுத்தாள். அம்மா, நீ ஊரிலா இருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டாள். எந்த ஊரைக் கேட்கிறாள் என்று யோசிப்பதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது.

5

இன்று ஞாயிறு. நாளை காலை பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு. காலையில் எல்லோரையும் ஏரியில் படகு மிதிக்க அனுப்பினார்கள். இரண்டிரண்டு பேர் மிதிக்கும் படகு. கஸ்தூரி அக்கா என்னோடுதான் வருவேன் என்றார். பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கரையைப் பார்க்காமல் மிதித்தார். ஏரி நடுவுக்கு வந்ததும் காலை நிறுத்தினார்.

“பாப்பா, இங்க பேசினா கரைக்குக் கேக்குமா?”

கேட்காது என்றேன்.

“நாந்தான் அது.”

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி, எது அக்கா என்று கேட்டேன்.

“பதினேழுன்னு சொல்லிக்கினு திரியிறாங்களே, அது நாந்தான். நீ எங்களக் கூட்டிக்கினு போனியே, அதுக்கு ரெண்டு வாரம் முன்னயே எங்க ஊட்டுக்காரரு என்னக் காணிப்பாக்கம் கூட்டிக்கினு போனாரு. சாமி கும்புட்டு வரலாம்னுதான் சொன்னாரு. போனா அவங்க ஆளுங்க நிக்கிறாங்க. மண்டி லைசென்ஸ் வாங்கித் தரோம்னு இவரு கிட்ட சொல்லிட்டாங்க. முழுக வெச்சி, சேர்மனுக்கு எதிரா கை தூக்குவேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

அப்படியென்றால் எங்களோடு ஏன் முழுகினீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“மாட்டேன்னு சொன்னா அங்கியே தெரிஞ்சிபூடாதா? அதுக்குத்தான கூட்டிக்கினு போன நீ?” அவர் குரலில் கோபம் இல்லை. “புள்ளைங்க மேல ஆணைன்னு வேற எழுதி வெச்சிருந்த. எனக்கு ஒரே பொண்ணு பாப்பா. தூக்கினாலும் பொய்யி, தூக்காட்டியும் பொய்யி. நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் இன்னா பண்ணாலும் அவ வயித்துமேலதான் விழும்.”

நான் வேகமாக யோசிக்கிற ஆள். வயிற்றுவலி என்று படுத்துவிடுங்கள், கூட்டத்துக்கே போகவேண்டாம் என்றேன். யாருக்கும் கை தூக்காமல் போனால் தீர்மானம் தானாகத் தோற்கும், சேர்மனம்மாவும் பிழைப்பார். சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், வழி கிடைத்துவிட்டதென்று.

“அங்க தூக்குறேன்னு சொல்லியிருக்கேன். படுத்துக்கினா தூக்கினதா ஆவுமா?” என்றார். “உனக்கு உங்க சேர்மனம்மா பொழைக்கணும். எனக்கு எம் பொண்ணு பொழைக்கணும்.”

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஒரு சத்தியத்துக்கும் ஒரு பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், விளக்கியும் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பெண் பங்காருபாளையத்தில் இந்த மாதமோ அடுத்த மாதமோ பிரசவிக்கப் போகிறாள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆகாது. ஆனால் ஆகிவிட்டால், தாளில் அந்த வரியை எழுதியது யார் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கு என்னதான் வழி என்று கேட்டேன்.

“யாரு வாங்கினாங்களோ அவங்களே சாமி எதுக்க நின்னு, உட்டுட்டேன்னு சொல்லணும். சொன்னா அந்தச் சத்தியம் இல்ல. அவங்க பக்கம் உடமாட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு உடவே மாட்டாரு.” மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டினார். “சேர்மனம்மா உடுவாங்களா? நீ கேளேன்.”

கரையிலிருந்து ரவி விசில் அடித்தார். நேரம் முடிந்தது. திரும்பி மிதித்தோம்.

6

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே பனி இறங்கி மரங்கள் பாதிவரைதான் தெரிகின்றன. கஸ்தூரி அக்கா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடியிருக்கிறார், தூங்கவில்லை.

சேர்மனம்மா சாமி முன்னால் அவரை விடுவித்தால், எதிர்ப்பக்கம் வாங்கிய முதல் சத்தியம் மட்டும் மிஞ்சும். அக்கா நாளைக்குக் கை தூக்குவார். அது பதினேழாவது கை. நாற்காலி போகும், என் வேலையும் போகும், மனுக்கள் திரும்பவும் மூட்டையாகும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக்குப் பாதி சேர்மனம்மா பிழைக்கலாம். அக்கா பயந்துபோய்க் கையை மடியிலேயே வைத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தால் அதுதான் நடக்கும் போலிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று இந்த ஒரு மணி நேரத்தில் பலமுறை நினைத்துவிட்டேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் அக்கா புரண்டு படுக்கிறார்.

சொன்னால் என்ன நடக்கும் என்பதிலும் பயம்தான். ரவிக்குத் தெரிந்தால் அக்காவை இந்த அறையிலேயே பூட்டிவைப்பார். அக்கா வீட்டுக்காரர் நாளைக்கு எங்கே நிற்பார், என்ன செய்வார், தெரியாது. சேர்மனம்மா என்ன செய்வார்? மூன்று வருடம் அவர் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறேன், இது ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பட்டியலை மூன்று முறை எண்ணிய அந்த விரல் ஒரு பக்கம் நினைவுக்கு வருகிறது. எத்தனையாவது மாதம் என்று கேட்டுத் துண்டைப் போர்த்திய கை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளுடையதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மஸ்தான் பாயிடம் தனியாகப் பேசினேன். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்புகிறது. சித்தூர் வந்ததும் காணிப்பாக்கம் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. எட்டு பேரும் சாமி பார்க்கவேண்டும் என்று சேர்ந்து சொன்னால் ரவியால் மறுக்க முடியாது, பிள்ளையாரை வேண்டாமென்று சொல்லிவிட்டு எவனும் ஓட்டுக்குப் போகமாட்டான் என்றார். ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன். பயந்து கிடக்கிறவர்களுக்குச் சாமி பெயரைச் சொன்னால் போதும், உடனே சரியென்றார்கள். எட்டாவது ஆளான அக்காவிடம் இனி சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் மஸ்தான் பாயின் போன் எனக்கு மறுபடி ஒரு நிமிடம் கிடைக்கும், வீட்டுக்குப் பேச. தேஜுவிடம் நாளைக்குப் பேசிக்கொள்கிறேன். சேர்மனம்மாவைக் கூப்பிட்டு, காலையில் எங்களுக்கு முன்னால் காணிப்பாக்கம் வந்துவிடுங்கள், ஒரு காய்ந்த துண்டு கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லப்போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். மிச்சத்தைக் குளத்தங்கரையில்தான் சொல்ல வேண்டும், ரவி இல்லாத இடத்தில். பயத்தில் எனக்கு வாய் தேவையில்லாததையெல்லாம் கொட்டும் என்பதால் எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்திருக்கலாம், மனம் வரவில்லை. அக்காவின் கைப்பையில் நான்காக மடித்திருந்த அந்தச் சத்தியத் தாளையே கேட்டு வாங்கிவிட்டேன். குளத்து நீர் பட்டு மை கலைந்திருக்கிறது, பிள்ளைகள் மேல் ஆணை என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிகிறது. அதன் பின்பக்கத்தில் இதுவரை ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

அம்மா, யோசனை என்னுடையது, அதனால் உங்களிடம் கேட்கவேண்டியதும் நான்தான்.